பல்தட ஒலிவாங்கி முன்மிகைப்பியும் எண்ணிம மாற்றியும்

பல்தட ஒலிவாங்கி முன்மிகைப்பி என்பது பல ஒலிவாங்கிகளிலிருந்து வரும் நுண்ணிய மின்குறிகைகளை ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பெருக்கித் தரும் கருவியாகும். பதிவுக்கூடங்களில் இதனை ப்ரீஆம்ப் என்றே சொல்வர். பெருக்கிய குறிகையை எண்களாக மாற்றும் எண்ணிம மாற்றியும் அதே பெட்டிக்குள் இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் 8 தடங்கள் கொண்ட இக்கருவி, 19 அங்குல அகலச் சட்டகத்தில் பொருத்தும் தட்டையான பெட்டியாக வரும். முன்பக்கத்தில் திருகுகளும் அளவுகாட்டி விளக்குகளும், பின்பக்கத்தில் ஒலிவாங்கிகளுக்கான எட்டு எக்ஸ்எல்ஆர் துளைகளும், கணினி இடைமுகத்துக்குச் செல்லும் எண்ணிம வெளியீடும் இருக்கும்.

இசைக்குழுப் பதிவு, மேடைக் கச்சேரிப் பதிவு, வானொலி, திரைப்படப் பின்னணி இசை ஆகிய இடங்களில் இது பயன்படுகிறது. ஒலிப்பதிவில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவற்றைப் பின்னர் கலவை செய்யும்போது சரிசெய்துவிடலாம். ஒரு தடம் சற்றுத் தாழ்ந்திருந்தால் உயர்த்தலாம். தாழ்சுரம் மிகுந்திருந்தால் குறைக்கலாம். முனைமை மாறியிருந்தால் திருப்பலாம். ஆனால் இக்கருவியைக் கையாளும்போது நேரும் இரண்டு தவறுகளுக்குப் பின்னர் முழுமையான மருந்து கிடையாது. ஒன்று, பெருக்கத்தை மிகையாக வைத்து ஒலியின் உச்சங்களை வெட்டிவிடுவது. மற்றொன்று, கருவிகளின் கடிகாரங்களை ஒன்றோடொன்று இணைக்காமல் விடுவது. ஒரு கச்சேரி ஒருமுறைதான் நடக்கும் என்பதால் இவ்விரண்டையும் தெரிந்துகொள்வது இன்றியமையாதது.

ஒலிவாங்கி தரும் மின்னழுத்தம்

ஒலிவாங்கியின் வெளியீடு எவ்வளவு சிறியது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். உலகெங்கும் மேடைகளில் காணப்படும் ஷூர் எஸ்எம்57 என்ற இயங்குசுருள் ஒலிவாங்கி, ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு ஏறத்தாழ 1.6 மில்லிவோல்ட் தருகிறது. ஒரு பாஸ்கல் என்பது 94 டெசிபெல். காதருகே உரக்கக் கேட்கும் ஒலி. பதிவுக் கருவிகள் தமக்குள் கையாளும் வரி அளவோ 1.23 வோல்ட். எனவே அந்த உரத்த ஒலியையே 700 மடங்குக்கு மேல் பெருக்க வேண்டியிருக்கிறது. மென்மையான பேச்சு என்றால் இன்னும் பல மடங்கு தேவை. 60 டெசிபெல் பெருக்கம் என்பது மின்னழுத்தத்தில் 1000 மடங்கு.

இவ்வளவு பெருக்கும்போது இரைச்சலும் சேர்ந்து பெருகும். இதற்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. எந்த மின்தடையிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டிருப்பதால் ஒரு சிறு இரைச்சல் மின்னழுத்தம் தோன்றும். 150 ஓம் தடையில், அறை வெப்பநிலையில், கேட்கும் அதிர்வெண் எல்லைக்குள் இது ஏறத்தாழ 0.22 மைக்ரோவோல்ட் ஆகும். எந்த முன்மிகைப்பியாலும் இதற்குக் கீழே போக முடியாது. இன்றைய நல்ல கருவிகள் இந்த எல்லைக்கு மிக நெருக்கமாக, சில டெசிபெல் தொலைவிலேயே நிற்கின்றன. ஆகவே விலை உயர்ந்த கருவிக்கும் நடுத்தர விலைக் கருவிக்கும் உள்ள வேறுபாடு இரைச்சலில் இருப்பதைக் காட்டிலும் பிற இடங்களில்தான் அதிகம்: ஒரு தடத்தின் ஒலி அடுத்த தடத்தில் கசியாமை, உரத்த ஒலியைத் தாங்கும் திறன், மாற்றியின் தரம், வைத்த அளவுகளை நினைவில் வைத்து மீண்டும் அப்படியே தருதல் போன்றவை. புதிதாக வாங்குவோர் விளம்பரத் தாளில் முதலில் பார்ப்பது இரைச்சல் எண்ணை. உண்மையில் அதைக் கடைசியாகப் பார்த்தாலும் குறையில்லை.

48 வோல்ட் மின்வழங்கல்

கொண்டன்சர் வகை ஒலிவாங்கிகள் இயங்க மின்சாரம் வேண்டும். ஒலி வரும் அதே கம்பிவடத்தின் வழியாக முன்மிகைப்பி 48 வோல்ட் நேர்மின்சாரத்தை அனுப்புகிறது. தனிக் கம்பி இல்லாமல் கண்ணுக்குத் தெரியாமல் வருவதால் இதற்கு ஃபேண்டம் மின்சாரம் என்று பெயர். 1966ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் நார்வே நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கே-வுக்காக இம்முறையைக் கொண்டுவந்தது. அந்த ஒலிபரப்பு நிலையத்தில் அவசர விளக்குகளுக்கென 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அந்த எண் அப்படியே நிலைத்து, இன்று உலகத் தரமாகிவிட்டது.

எக்ஸ்எல்ஆர் இணைப்பியின் 2ஆம், 3ஆம் முனைகள் இரண்டிலும் 6.8 கிலோஓம் தடைகள் வழியாக ஒரே அளவு மின்னழுத்தம் செல்கிறது. இரு முனைகளுக்கும் இடையே வேறுபாடு இல்லாததால், இயங்குசுருள் ஒலிவாங்கிக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் கம்பிவடத்தில் ஒரு முனை அறுந்தோ நிலத்துடன் ஒட்டியோ இருந்தால் அந்தச் சமநிலை கெடும். அப்போது பழைய நாடா வகை ஒலிவாங்கிக்குள் மின்சாரம் பாய்ந்து, அதன் மெல்லிய அலுமினிய நாடா நீண்டுபோகவோ அறுந்துபோகவோ கூடும்.

எட்டுத் தடக் கருவிகளில் கவனிக்க வேண்டிய ஒன்று, 48 வோல்ட் பொத்தான் ஒவ்வொரு தடத்துக்கும் தனியாக இருக்கிறதா, நான்கு நான்காக இருக்கிறதா, அல்லது எட்டுக்கும் ஒன்றுதானா என்பது. விலை குறைந்த கருவிகளில் ஒரே பொத்தான் இருப்பதுண்டு. அப்படிப்பட்ட கருவியில் நாடா ஒலிவாங்கியைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. ஒலிவாங்கியைச் செருகிய பிறகே மின்சாரத்தைத் திறக்க வேண்டும். கழற்றும்போது முதலில் மின்சாரத்தை நிறுத்தி, சில நொடிகள் கழித்தே கழற்ற வேண்டும். அந்நேரத்தில் ஒலிபெருக்கிகளும் தலையணிபேசிகளும் அடங்கியிருக்க வேண்டும். இல்லையேல் எழும் வெடிப்பொலி காதையும் கருவியையும் பதம் பார்க்கும்.

கெயின் அமைத்தல்

கெயின் எனப்படும் பெருக்க அளவை எங்கே வைப்பது என்பதுதான் இக்கருவியைப் பயன்படுத்துவதில் மையமான கேள்வி. நாடாப் பதிவுக் காலத்தில் ஒலிப்பதிவாளர்கள் அளவை உயர்த்தியே வைத்தனர். நாடாவின் சீறல் இரைச்சல் கீழே காத்திருந்தது; மேலே சற்று மிஞ்சினாலும் காந்தநாடா மெதுவாக நெரிந்து கொடுத்ததே தவிர உடைந்துவிடவில்லை. எண்ணிம மாற்றி அப்படியன்று. அதன் அளவுகோலின் உச்சி சுழி டெசிபெல். அதற்கு மேல் எண்ணே இல்லை. வரும் மின்னழுத்தம் அந்த உச்சியைத் தாண்டினால், தாண்டிய பகுதி முழுவதும் ஒரே எண்ணாகப் பதிவாகும். அலையின் தலை கத்தியால் சீவியது போல் தட்டையாகிவிடும். இதையே ஒலிப்பதிவாளர்கள் கிளிப் ஆகிவிட்டது என்கின்றனர். இழந்த வடிவத்தை ஊகித்து நிரப்பும் மென்பொருள்கள் உண்டு. அவை தருவது ஊகமே, பாடியது அன்று.

சுழிக்கு எவ்வளவு கீழே நிற்பது? 16 பிட் காலத்தில் இது சங்கடமான கேள்வியாக இருந்தது, ஏனெனில் 16 பிட்டின் முழு வீச்சே கோட்பாட்டளவில் 98 டெசிபெல்தான். 24 பிட்டுக்குக் கோட்பாட்டு வீச்சு 146 டெசிபெல். எந்த மின்சுற்றும் அதை எட்டுவதில்லை. நல்ல மாற்றிகள் 115 முதல் 120 டெசிபெல் வரை தருகின்றன. அதில் 12 டெசிபெல்லை மேலே வெற்றிடமாக விட்டாலும் 100க்கு மேல் மீதமிருக்கும். மின்விசிறியும் குளிரூட்டியும் மக்களும் உள்ள ஓர் அரங்கில், பாடகரின் உச்சத்துக்கும் அரங்கின் பின்னணி இரைச்சலுக்கும் உள்ள தொலைவு இதைவிட மிகக் குறைவு. எனவே உச்சங்கள் சுழிக்குக் கீழே 12 டெசிபெல் அளவிலும், சராசரி 18 முதல் 20 டெசிபெல் கீழேயும் இருக்குமாறு வைத்தால் இழப்பது எதுவும் இல்லை. பச்சை விளக்கே எரியவில்லையே என்று திருகைத் திருப்பும் பழக்கம் பழைய காலத்தின் மிச்சம்.

கருநாடக இசைக் கச்சேரியை எடுத்துக்கொண்டால் இதன் அருமை விளங்கும். பாடகர், வயலின், மிருதங்கத்தின் வலந்தலை, தொப்பி, கடம், தம்புரா, அரங்க ஒலிக்கு இரண்டு ஒலிவாங்கிகள் என்று எட்டுத் தடங்களும் நிறைந்துவிடும். கச்சேரிக்கு முன் நடக்கும் ஒலிச் சோதனையில் மிருதங்கக் கலைஞர் நாலு தட்டுத் தட்டிக் காட்டுவார். அந்த அளவுக்கு கெயினை வைத்தால் வர்ணத்திலும் முதல் சில கீர்த்தனைகளிலும் எல்லாம் நன்றாகவே போகும். பாடகரை அனுசரித்து வாசிக்கும் பகுதி அது. பிரதான உருப்படிக்குப் பிறகு தனி ஆவர்த்தனம் வரும்போதுதான் மிருதங்கமும் கடமும் தம் முழு வீச்சைக் காட்டும். குறைப்பும் மோராவும் கோர்வையும் நெருங்க நெருங்க அடி கனக்கும். சோதனையில் கேட்டதைவிட 10 டெசிபெல் கூடுதலாக வந்தால் வியப்பதற்கில்லை. கச்சேரி தொடங்கி இரண்டு மணி நேரம் சிவப்பு விளக்கு எரியாமல் இருந்த தடம், ரசிகர்கள் அதிகம் காத்திருந்த பகுதியில் வெட்டுப்பட்டுவிடும். ஆகவே சோதனையின்போது கலைஞரிடம் தனியில் வாசிப்பது போல் முழு பலத்துடன் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கிடைத்த அளவிலிருந்து மேலும் 6 டெசிபெல் குறைத்து வைப்பது அனுபவமுள்ளவர்களின் வழக்கம்.

வெட்டுப்படுதல் மூன்று இடங்களில் நேரலாம். ஒலிவாங்கிக்குள்ளேயே நேர்ந்தால் கெயினைக் குறைத்துப் பயனில்லை. ஒலிவாங்கியிலுள்ள தணிப்பானை இயக்க வேண்டும், அல்லது அதைத் தள்ளி வைக்க வேண்டும். முன்மிகைப்பியின் நுழைவில் நேர்ந்தால் கருவியின் தணிப்பானை இயக்க வேண்டும். மாற்றியில் நேர்ந்தால் கெயினைக் குறைத்தாலே போதும். கணினித் திரையிலுள்ள தடத்தின் நழுவியை இறக்குவது இம்மூன்றில் எதற்கும் தீர்வன்று. அந்த நழுவி மாற்றிக்குப் பின்னால் இருக்கிறது; வெட்டுப்பட்ட ஒலியை அது தாழ்த்தி ஒலிக்கச் செய்யும், அவ்வளவே.

நாதசுவரம், தவில் போன்ற மங்கல இசைக் கருவிகளில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட் தரும் கொண்டன்சர் ஒலிவாங்கி தவிலுக்கு மிக அருகில் இருக்கிறது. அடியின் உச்சம் 130 டெசிபெல் எனக் கொள்வோம். 94 டெசிபெல்லைவிட அது 36 டெசிபெல் கூடுதல், அதாவது 63 மடங்கு. ஒலிவாங்கியே 1.26 வோல்ட் தருகிறது. வரி அளவு இப்போதே வந்துவிட்டது, பெருக்கவே தேவையில்லை. 20 டெசிபெல் கெயின் வைத்தால் அது 12.6 வோல்ட் ஆகும். அமெரிக்க வழக்கப்படி சுழி டெசிபெல்லை +24 டிபியூ என்று வகுத்த கருவிக்கு அது சரியாக உச்சி. ஐரோப்பிய ஒலிபரப்பு வழக்கப்படி +18 டிபியூ என்று வகுத்த கருவியாக இருந்தால் அதற்கு முன்பே 6 டெசிபெல் தாண்டியிருக்கும். ஒரே கெயின் எண் இரண்டு கருவிகளில் இரண்டு விளைவுகளைத் தருவதற்கு இதுவே காரணம். புதிய கருவி கைக்கு வந்ததும் அதன் கையேட்டில் இந்த ஓர் எண்ணைத் தேடிக் குறித்துக்கொள்வது நல்லது.

தடங்கள் மிஞ்சியிருந்தால் காப்புத் தடம் வைக்கலாம். ஒரே ஒலிவாங்கியின் குறிகையை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது தடத்தில் 12 டெசிபெல் குறைத்துப் பதிவுசெய்வது இம்முறை. முதல் தடம் வெட்டுப்பட்ட ஒரு நொடியை இரண்டாவதிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம். அண்மைக் காலத்தில் 32 பிட் மிதவைப் புள்ளிப் பதிவில் வெட்டுப்படுதலே இல்லை என்று சொல்லப்படுகிறது. ஒரு தடத்துக்கு இரண்டு மாற்றிகளை வெவ்வேறு கெயினில் இயக்கும் கையடக்கப் பதிவுக் கருவிகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். கணினி மென்பொருளில் கோப்பு வடிவத்தை மட்டும் 32 பிட் மிதவை என்று மாற்றி, 24 பிட் மாற்றியிலிருந்து பதிவுசெய்தால் பயனில்லை. மாற்றியில் வெட்டுப்பட்டது கோப்பில் வெட்டுப்பட்டதாகவே இருக்கும்.

தாழ்வெட்டு வடிகட்டி பற்றி ஒரு சொல். பல கருவிகளில் 80 ஹெர்ட்ஸ் அளவில் தாழ்சுரத்தை வெட்டும் பொத்தான் இருக்கும். மேடைப் பலகையின் அதிர்வு பாடகர் தடத்தில் ஏறாமலிருக்க அது உதவும். மிருதங்கத்தின் தொப்பிக்கு அதைப் போட்டால் ரவை பூசிய அந்தப் பக்கத்தின் கும்கி மெலிந்துவிடும். இந்த வேலையைப் பதிவுக்குப் பிறகும் செய்யலாம் என்பதால் ஐயம் வந்தால் அணைத்தே வைக்கலாம்.

எண்களாக மாறுதல்

மாற்றி ஒவ்வொரு நொடியையும் பல்லாயிரம் கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறிலும் மின்னழுத்தத்தை அளந்து எண்ணாகத் தருகிறது. நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது மாதிரி வீதம். பதிவாக வேண்டிய உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் இவ்வீதம் இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட ஒலி உள்ளே நுழைந்தால் அது வேறு சுரமாக வேடமிட்டு வரும். 48 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில் 30 கிலோஹெர்ட்ஸ் ஒலி 18 கிலோஹெர்ட்ஸாகத் தோன்றும். இதைத் தடுக்கும் வடிகட்டி மாற்றிக்குள்ளேயே அமைந்துள்ளது.

குறுந்தட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ் எண் விந்தையாகத் தோன்றலாம். தொடக்கத்தில் எண்ணிம ஒலியை நிகழ்பட நாடாவில்தான் பதிந்தார்கள். ஒரு வரிக்கு 3 மாதிரிகள், ஒரு புலத்துக்கு 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள்: பெருக்கினால் 44,100. திரைப்படம், தொலைக்காட்சி, இணையக் காணொளி ஆகியவற்றுக்கு 48 கிலோஹெர்ட்ஸே வழக்கம். கச்சேரி காணொளியாகவும் வெளிவரும் என்றால் 48இல் தொடங்குவது பின்னாளைய மாற்ற வேலையை மிச்சப்படுத்தும்.

எண்கள் செல்லும் வழி

மாற்றிய எட்டுத் தடங்களையும் கணினி இடைமுகத்துக்குக் கொண்டுசெல்ல மிகப் பரவலாக உள்ள வழி அடாட் ஒளியிழை. அமெரிக்காவின் அலெசிஸ் நிறுவனம் 1991இல் அறிமுகப்படுத்திய அடாட் என்னும் எட்டுத் தட நாடாப் பதிவுக் கருவிக்காக உருவான இணைப்பு இது. அந்த நாடாக் கருவி மறைந்துவிட்டது. அதன் இணைப்பு மட்டும் எல்லாப் பெட்டிகளின் பின்புறத்திலும் உயிரோடிருக்கிறது. ஒரு மெல்லிய ஞெகிழி இழையில் 48 கிலோஹெர்ட்ஸில் 24 பிட் கொண்ட எட்டுத் தடங்கள் செல்லும். வீதத்தை 96 கிலோஹெர்ட்ஸாக உயர்த்தினால் நான்கு தடங்களும், 192இல் இரண்டும் மட்டுமே செல்லும். 96இல் எட்டுத் தடமும் வேண்டுமெனில் இரண்டு ஒளியிழைத் துளைகள் உள்ள கருவி வேண்டும். நான்கு தடங்கள் காணாமல் போய்விட்டன என்று கருவியைப் பழுதுபார்க்க எடுத்துச் செல்வோர் இதைத்தான் கவனிக்கத் தவறுகின்றனர்.

வீட்டுத் தொலைக்காட்சியின் ஒளிவழி ஒலி வெளியீட்டிலும் இதே வடிவத் துளைதான் இருக்கும். இழை பொருந்தும், மொழி பொருந்தாது. அங்கே செல்வது வேறு வடிவத் தரவு.

பெரிய அமைப்புகளில் மாடி என்னும் தரம் பயன்படுகிறது. தமிழில் படிக்கும்போது வீட்டு மாடி நினைவுக்கு வந்தாலும் இது பல்தட ஒலி எண்ணிம இடைமுகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஒரே வடத்தில் 48 கிலோஹெர்ட்ஸில் 64 தடங்கள் செல்லும். செப்பு வடம் 100 மீட்டர் வரையிலும், கண்ணாடி இழை 2 கிலோமீட்டர் வரையிலும் போகும். கணினி வலையமைப்பு வடத்திலேயே ஒலியை அனுப்பும் டான்டே போன்ற முறைகளும் பரவியுள்ளன.

கடிகாரம்

எண்ணிமக் கருவி ஒவ்வொன்றுக்குள்ளும் படிகத்தால் துடிக்கும் ஒரு கடிகாரம் உண்டு. எப்போது அடுத்த மாதிரியை எடுப்பது என்று அதுவே சொல்கிறது. முன்மிகைப்பியும் கணினி இடைமுகமும் தத்தம் கடிகாரத்தில் 48,000 என்று எண்ணினாலும், இரண்டு படிகங்கள் ஒருபோதும் முற்றிலும் ஒன்றாக இரா. பத்து இலட்சத்தில் 20 பங்கு வேறுபாடு என்பது நல்ல படிகங்களுக்கே இயல்பு. அந்தச் சிறு வேறுபாட்டில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மாதிரி கூடவோ குறையவோ செய்யும். இடைமுகம் அதைக் கைவிடும் அல்லது முந்தைய மாதிரியை இரண்டு முறை எடுக்கும். அந்தக் கணத்தில் ஒலியலையில் ஒரு சிறு முறிவு. காதில் ஒரு டிக்.

இத்தவறின் கொடுமை, அது உடனே தென்படாதது. மிருதங்கச் சொற்களுக்கு நடுவே டிக் ஒலி மறைந்துவிடும், பேச்சிலும் தப்பிவிடும். தம்புராவின் இடைவிடாத நாதத்திலும், பாடகர் மேல் சட்ஜத்தில் நீண்டு நிற்கும் கார்வையிலும்தான் அது துல்லியமாகக் கேட்கும். கச்சேரி முடிந்து வீட்டில் அமைதியாகக் கேட்கும்போது தெரியவந்தால், மூன்று மணி நேரப் பதிவில் நொடிக்கொன்று என ஆயிரக்கணக்கான முறிவுகள் காத்திருக்கும். சிலவற்றைக் கையால் செப்பனிடலாம். அத்தனையையும் செப்பனிட முடியாது.

தீர்வு எளிது. அமைப்பில் ஒரே ஒரு கருவிதான் தலைமைக் கடிகாரமாக இருக்க வேண்டும்; மற்றவை அதைப் பின்பற்ற வேண்டும். முன்மிகைப்பியிலிருந்து இடைமுகத்துக்கு ஓர் ஒளியிழை மட்டும் செல்கிறது எனில், முன்மிகைப்பியில் கடிகாரம் அகம் என்றும், இடைமுகத்தின் மென்பொருளில் கடிகார மூலம் அடாட் என்றும் வைக்க வேண்டும். ஒளியிழையே தரவோடு கடிகாரத்தையும் சுமந்து செல்லும். இடைமுகம் தலைமையாக இருக்க வேண்டுமெனில், அதிலிருந்து முன்மிகைப்பிக்கு இன்னோர் ஒளியிழை திரும்பிச் செல்ல வேண்டும், அல்லது வேர்ட் கிளாக் வடம் வேண்டும்.

இரண்டு முன்மிகைப்பிகளைச் சேர்த்து 16 தடமாக்கும்போதுதான் பலர் தடுமாறுகின்றனர். இரண்டும் அகக் கடிகாரத்தில் இருந்தால் இடைமுகம் ஒன்றைத்தான் பின்பற்ற முடியும். மற்றதன் எட்டுத் தடங்களிலும் டிக் ஒலி வரும். அங்கே வேர்ட் கிளாக் பெரிதும் உதவும். பிஎன்சி இணைப்பி கொண்ட 75 ஓம் வடத்தில் தலைமைக் கருவியிலிருந்து கடிகாரத் துடிப்பு வரிசையாகச் செல்லும். வரிசையின் கடைசிக் கருவியில் மட்டும் 75 ஓம் முடிவுத் தடை இருக்க வேண்டும். முடிவுத் தடை இல்லாவிட்டால் துடிப்பு எதிரொலித்துத் திரும்பி வரும். இடையிலும் போட்டுவிட்டால் துடிப்பு நலிந்துவிடும். இரண்டிலும் பூட்டு விளக்கு சிமிட்டும். விளக்கு நிலையாக எரிய வேண்டும்; சிமிட்டினால் பதிவைத் தொடங்கக் கூடாது.

மாதிரி வீதமே மாறிப்போவது வேறொரு வகைப் பிழை. முன்மிகைப்பி 44.1இல் ஓட, கணினிக் கோப்பு 48 என்று முத்திரையிடப்பட்டால், பின்னர் ஒலிக்கும்போது எல்லாம் வேகமாகவும் சுருதி ஏறியும் கேட்கும். ஒரு கட்டையில் பாடியவர் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கட்டையில் பாடியது போலிருக்கும். கேட்டதும் நெஞ்சு பதறும். ஆனால் இது திருத்தக்கூடியது. கோப்பின் முத்திரையை 44.1 என்று மாற்றினால் சுருதியும் காலப்பிரமாணமும் மீண்டுவிடும். பதறாமல் இருக்க வேண்டிய பிழை இதுவே.

அரங்குக்கு வந்ததும் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. மின்னணுச் சுருதிப்பெட்டியை ஒரு ஒலிவாங்கியின் முன் வைத்து, பத்து நிமிடம் பதிவுசெய்து, தலையணிபேசியில் கேட்க வேண்டும். இரண்டு முன்மிகைப்பிகள் இருந்தால் இரண்டிலும் தனித்தனியே. நாதம் அறுபடாமல் ஓடினால் கடிகாரம் சரி.

மேடையில் வைத்தல்

முன்மிகைப்பியை ஒலிப்பதிவாளரின் மேசையில் வைப்பதைவிட மேடையோரம் வைப்பது நல்லது. ஒலிவாங்கி வடம் குட்டையாக இருக்கும். நீண்ட தூரத்தை எண்ணிம வடம் கடக்கும். செப்பு வடம் நீளும்போது மேடை விளக்குகளின் மங்கற்கருவிகளிலிருந்து இரைச்சல் ஏற வாய்ப்பு அதிகம். ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாததால், இரு இடங்களின் நிலயிணைப்பு வேறுபாட்டால் எழும் 50 ஹெர்ட்ஸ் முரலொலியும் அவ்வழியே வராது. ஆனால் ஞெகிழி இழை பத்து மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதன்று. அதற்கு மேல் மாடி அல்லது வலையமைப்பு வடம்தான். தொலைவில் இருக்கும் கருவியின் கெயினை மேசையிலிருந்தே மாற்றும் வசதியும் அப்போது தேவைப்படும்.

கச்சேரி அரங்கில் பதிவுக்கென்று தனி ஒலிவாங்கிகள் வைக்க இடம் கிடைப்பது அரிது. அரங்க ஒலிபெருக்கிக்கான அதே ஒலிவாங்கிகளைப் பிரிப்புப் பெட்டி மூலம் பகிர்ந்துகொள்வர். இருவருக்கும் தனித்தனி முன்மிகைப்பி இருந்தால், அரங்கக்காரர் கெயினை ஏற்றி இறக்கினாலும் பதிவு பாதிக்கப்படாது. 48 வோல்ட்டை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தர வேண்டும். யார் தருகிறார் என்பதை முன்பே பேசிவைக்க வேண்டும். தருபவர் கடைசி மங்களம் முடியுமுன் தம் மேசையை அணைத்துவிட்டால் பதிவிலும் மௌனம்தான். ஒரே முன்மிகைப்பியை வலையமைப்பில் இருவரும் பகிரும் அமைப்பில் நிலைமை வேறு. அங்கே கெயின் திருகு ஒன்றே. யார் கை வைத்தாலும் இருவருக்கும் மாறும்.

இடைமுகத்தில் உள்ள ஒலிவாங்கித் துளைகளையும் அடாட் வழி வரும் எட்டுத் தடங்களையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது ஒரு நுணுக்கம் உண்டு. அடாட் வழி வருபவை சில மாதிரிகள் தாமதமாக வந்துசேரலாம். பாடகர் ஒன்றிலும் வயலின் மற்றொன்றிலும் இருந்தால் அது பொருட்டன்று. மிருதங்கத்தின் இரு முகங்களை இரு கருவிகளில் பிரித்துவைத்தால், ஒரே அடி இரு தடங்களில் சிறு இடைவெளியுடன் விழுந்து, சேர்க்கும்போது ஒலி மெலியும். ஒரே வாத்தியத்துக்கான ஒலிவாங்கிகள் ஒரே பெட்டிக்குள் செல்ல வேண்டும்.

கோப்பின் அளவு

எட்டுத் தடம், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 1.15 மெகாபைட், மூன்று மணி நேரக் கச்சேரிக்கு ஏறத்தாழ 12.4 கிகாபைட். இன்றைய வட்டுகளுக்கு இது சுமையன்று. ஆனால் வழக்கமான வேவ் கோப்பின் உச்ச அளவு 4 கிகாபைட். எட்டுத் தடங்களையும் ஒரே கோப்பாக எழுதும் மென்பொருளில் அந்த எல்லை ஒரு மணி நேரம் கடந்த சில நிமிடங்களில் வந்துவிடும். சில மென்பொருள்கள் தாமே அடுத்த கோப்புக்கு மாறும், சில நின்றுவிடும். தடத்துக்கு ஒரு கோப்பு என்று அமைத்தால் மூன்று மணி நேரத்துக்கும் ஒவ்வொன்றும் 1.6 கிகாபைட்டுக்குள் அடங்கும். 4 கிகாபைட் எல்லை இல்லாத ஆர்எஃப்64 வடிவத்தை மென்பொருள் ஆதரித்தால் அதைத் தேர்ந்துகொள்ளலாம். பதிவு முடிந்ததும், கருவிகளை அவிழ்ப்பதற்கு முன்பே, இரண்டாவது வட்டில் ஒரு படி எடுத்து, அதன் தொடக்கத்தையும் தனி ஆவர்த்தனப் பகுதியையும் முடிவையும் ஒலிக்கச் செய்து கேட்டுப் பார்ப்பது வழக்கம்.